கேள்வி அக்காவின் ஏணி

நான் கிராம செவிலியர். போடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலையில் பாதி. கேட்டவுடன் எழுதிவிட மாட்டேன். இடது கைக் கட்டைவிரலால் அதே கையின் மற்ற விரல்களிலுள்ள கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்கு விரலுக்குப் பன்னிரண்டு கணு. பன்னிரண்டையும் தொட்டு முடித்த பிறகுதான் பேனாவை எடுப்பேன். "சிஸ்டர் செபம் பண்றாங்க, எல்லாரும் செத்த பேசாம இருங்க" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். செபமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அவருக்குப் பெயர் இருந்தது, எங்களுக்கும் அது தெரியும். ஆனால் விடுதியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் கேள்வி அக்கா.

போடியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி நான் படித்தேன். மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே முக்கால்வாசி. சனிக்கிழமைகளில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து வளரிளம் பெண்களுக்கு என்று வகுப்பு எடுப்பார்கள். கூச்சமில்லாமல் பேசுவது, கோபத்தை அடக்குவது, நாலு பேரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிப்பது, அஞ்சலகத்தில் படிவம் நிரப்புவது, இப்படிப் பலதும் இருக்கும். அந்த வகுப்புகளை நான் குறை சொல்ல மாட்டேன். என் பக்கத்து இடத்துக்காரி ஈஸ்வரி, பெயர் கேட்டாலே தாவணி நுனியைக் கடிப்பவள், அந்த வகுப்புக்குப் போன பிறகுதான் சுதந்திர தினத்தன்று மேடையேறி ஐந்து நிமிடம் பேசினாள். கீழே இருந்த நான் அவள் முடிக்கும் முன்பே கைதட்டிவிட்டேன்.

இதெல்லாம் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தங்கள் வாழ்க்கையில் திருப்தி வருடத்துக்கு வருடம் கூடுகிறதா என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக வருடம் ஒரு முறை, அதே பிள்ளைகளிடம் அதே கேள்விகளைக் கேட்க ஒருவரை மதுரையிலிருந்து அனுப்பினார்கள். நாங்கள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது முதல்முறை வந்தார். ஆவணி மாதம். மலையில் ஏலக்காயெடுப்பு மும்முரமாகும் நேரம்.

ஒல்லியான பெண். தோளில் துணிப்பை, அதில் ஒரு கட்டுப் படிவம், எழுதும் அட்டை. அட்டையில் நூலால் கட்டிய பென்சில், பக்கத்தில் ஒரு ரப்பர். பென்சில் எதற்கு என்று கேட்டோம். "பேனால எழுதிட்டா நீங்க பதில மாத்த யோசிப்பீங்க" என்றார். ஒவ்வொருத்தியாக உணவுக்கூடத்துக்குள் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக் கேட்பார். கதவு இருக்காது. வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் காதில் விழும்.

"மொத்தத்தில் உன் வாழ்க்கையில் நீ திருப்தியாக இருக்கிறாயா?" என்பது முதல் கேள்வி. படிவத்தில் இருந்ததை அப்படியே வாசிப்பார். எங்களுக்குத் திருப்தி என்றால் அது சாப்பாட்டு விஷயம். பந்தியில் கடைசியாக வந்து "திருப்தியாச் சாப்பிட்டீகளா" என்று கேட்பார்களே, அந்தத் திருப்திதான். எனக்கு முன்னால் போனவள் யோசித்து, "நேத்து பொங்கல் பரவால்லக்கா. கொழம்புலதான் உப்புக் கூட" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டார். சமையல்கார அம்மாள் ஒரு வாரத்துக்கு எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அர்த்தம் கேட்டால் சொல்ல மாட்டார். "வாசிக்க மட்டுந்தான் எனக்கு அனுமதி. நான் வெளக்கிச் சொன்னா நீங்க என் பதிலச் சொல்லுவீங்க. எனக்கு ஒங்க பதில்தான் வேணும்." சொல்லிவிட்டுக் கட்டைவிரலை முதல் கணுவில் வைப்பார். அந்தப் பன்னிரண்டு கணுவையும் தொட்டு முடிக்கும் வரை அவர் பேச மாட்டார். கொட்டாவி விட மாட்டார். வாசல் பக்கம் பார்க்க மாட்டார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்களிடம் அதுவரை கேள்வி கேட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். டீச்சர் கேட்பார், தானே பதிலும் சொல்லி "என்ன, புரியுதா?" என்பார். கங்காணி கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரியில் என் வயிற்று வலியை என் அம்மாவிடம் கேட்டார்கள். ஒரு பெரிய மனுஷி என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பதிமூன்று வயதில் அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ரப்பரை என் பக்கம் நகர்த்தி வைத்தார், நான் எதையோ மாற்ற விரும்புகிறேன் என்று நினைத்து.

அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வி உண்டு. "நீ பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் பெரியவர் ஒருவராவது உனக்கு இருக்கிறாரா?" நான் இருக்கிறார் என்றேன்.

"யாரு?"

"நீங்கதான்க்கா."

கட்டைவிரல் நடுவிரலின் கணுவில் அப்படியே நின்றது. "என்னையச் சேக்கக் கூடாது பாப்பா. நான் சோலிக்குக் கேக்குறேன். வேற யாராச்சும்?"

பன்னிரண்டு கணுவும் முடிந்தது. "இல்லக்கா" என்றேன். "இல்லை" என்று எழுதினார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் தீபாவளி வரை போகவில்லை. சோலிக்குக் கேட்கிறவர் எதற்காக அப்படிப் பார்க்க வேண்டும்? இன்று நானும் சோலிக்குத்தான் கேட்கிறேன், அதனால் அந்த "இல்லை"யை எழுதும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. அன்றைய கோபம் நியாயமில்லாதது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

கடைசிக் கேள்விக்கு ஒரு படம் இருந்தது. அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பத்துப் படி வைத்த ஏணி. அதை வரைந்தவர் வெறும் ஏணியோடு விட்டிருக்கலாம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு மலையை வரைந்து அதன்மேல் சாத்தியிருந்தார். உச்சியில் சூரியன், அதன் கீழே கையை உயர்த்தி நிற்கும் ஒரு பெண். அடியில் சின்ன வீடுகள். மேல்படி மிக நல்ல வாழ்க்கை, கீழ்ப்படி மிக மோசமான வாழ்க்கை என்று பொடி எழுத்தில் இரண்டு நீளமான வாக்கியங்கள். அக்கா அவற்றையும் வாசிப்பார். ஆனால் படத்தைப் பார்த்த பிறகு எங்கள் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். "நீ இப்போது எந்தப் படியில் நிற்கிறாய்?"

மலையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "மேல போறது" என்றால் எங்கள் பேச்சில் ஒரே அர்த்தம். படிப்பை நிறுத்திவிட்டு, விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டித் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போவது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, அடித்தூரில் தரையோடு தரையாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து நகர வேண்டும், அட்டை கடிக்கும், மழை நிற்காது. அந்த வேலையைக் கேவலம் என்று சொல்லவில்லை, அதில்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் விடுதியில் ஒருத்தியின் பெட்டி காலியாகிவிட்டால், "எங்கடி?" என்பதற்கு "மேல போயிட்டா" என்பதுதான் பதில். பிறகு அவளைப் பற்றிப் பேச மாட்டோம். கீழே என்றால் போடி. பள்ளிக்கூடம், விடுதி, பஸ் ஸ்டாண்டு, எங்கள் மூன்றாவது பெஞ்சு.

ஆகையால் நாங்கள் எல்லோரும் அந்தப் படத்தில் மலையைப் பார்த்து, மேலே போவதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோமோ அந்தப் படியைக் காட்டினோம். யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. முதல் வருடம் நான் இரண்டாம் படி, ஈஸ்வரி மூன்று. எங்கள் படிவத்தைப் பார்த்தவர்கள், ஐயோ பாவம், இந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையே பிடிக்கவில்லை போல என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் அந்த வருடம்போலச் சந்தோஷமாக என்றும் இருந்ததில்லை.

அக்கா விளக்கம் சொல்லாதவர். அதனால் எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வருடம் ஆவணியில் ஈஸ்வரி படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உச்சியில் விரலை வைத்தாள். "பத்துக்கா."

சனிக்கிழமை வகுப்பெடுப்பவரும் அன்று வந்திருந்தார். மூன்றிலிருந்து பத்து என்றதும் கைதட்டிவிட்டார். கேள்வி அக்கா தட்டவில்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்ததை வரிசையில் நின்ற நான் பார்த்தேன். பத்தாம் படியைச் சுற்றி நிதானமாக வட்டம் போட்டார். பிறகு வழக்கம்போலக் கணுக்களைத் தொட்டார். ஈஸ்வரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வகுப்பெடுப்பவர் அவள் தோளில் கைபோட்டு, "வா, ஒரு போட்டோ எடுப்போம்" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பன்னிரண்டாவது கணு முடிந்தது. அக்கா அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அவளை மேலே கூட்டிப்போகப் போவதாக அவளுடைய அப்பா முந்தின வாரமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார், அது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்லவில்லை என்றால், அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஈஸ்வரியும் அப்படித்தான் நினைத்தாள். அன்று படுக்கப் போகும்போது என் காதில் சொன்னாள். "பத்துன்னு சொல்லிட்டேன்டி. வட்டம் போட்டு எழுதிக்கிட்டாங்க. இனி எங்கப்பாட்ட வந்து பேசுவாங்க, பாரு."

நான்காம் நாள் அவளுடைய அப்பா ஜீப்போடு வந்தார். அவள் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். அந்தப் போட்டோ அடுத்த மாதம் சட்டம் போட்டு உணவுக்கூடச் சுவருக்கு வந்தது. கீழே "பத்தாம் படியை எட்டிய மாணவி" என்று எழுதியிருந்தது. நாங்கள் தினம் மூன்று வேளையும் அவளுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மூன்றாம் வருடம். நாங்கள் பத்தாம் வகுப்பு. அக்கா உள்ளே வந்ததும் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். பையை இறக்கக்கூட இல்லை. "மொதல்ல இந்தப் புள்ளையக் கூப்பிடுங்க" என்றார்.

"அவ மேல போயிட்டாக்கா" என்றேன் நான்.

"ஆமா, தெரியுமே, பத்துக்குப் போயிட்டாளே" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் சிரித்தது அவர் மட்டும்தான். எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை முதன்முறையாகக் கேட்டார்.

"மேலன்னா?"

நான் சொன்னேன். மேல் என்றால் என்ன, கீழ் என்றால் என்ன, ஜீப், அட்டை, மூன்றாவது பெஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கட்டைவிரல் கணுக்களின்மேல் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு முடிந்து மறுபடி ஒன்று, மறுபடி பன்னிரண்டு. பையிலிருந்து பழைய படிவங்களின் நகலை எடுத்தார். ஈஸ்வரியின் தாள் வந்தது. பத்தாம் படியைச் சுற்றி அவரே போட்ட வட்டம். ரப்பரை எடுத்துக் கையில் வைத்திருந்தார். அது நகல், அழிக்க முடியாது.

நகலைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ இப்ப எந்தப் படி?" என்றார். படம் இல்லாமலே கேட்டார்.

"எட்டுக்கா."

எனக்கு அப்பா இல்லை. அவர் இறந்து நான்கு வருடம். அம்மா மட்டும் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டக்காரர்கள் வேலையாட்களுக்குக் கட்டிவைத்த வரிசை வீட்டில் இருந்தார். ஆறு மாதமாக இடுப்பு வலி, குத்தவைக்க முடியவில்லை. வேலைக்கு ஆள் வராத வீட்டை லயத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். பரீட்சைகூட வேண்டாம், தை பிறந்ததும் வந்துவிடு என்று அம்மா சொல்லியிருந்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போகும் முறை. ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தால் கேள்வி அக்கா எனக்கு முன்னால் நிற்கிறார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். "எனக்கு மலை ரோடு ஆகாது. நான் வர்றது ஆபீசுக்குத் தெரியவும் கூடாது" என்றார். இரண்டும் உண்மை. மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்தார். டிரைவர் அண்ணே மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தினார். "இவ்வளவு செரமப்பட்டு அங்க என்னம்மா சோலி?" என்று கேட்டார். "ஒரு கேள்வி கேக்கணும்ணே" என்றார் அக்கா, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு.

அம்மா பயந்துவிட்டார். "எம்புள்ள எதும் தப்புப் பண்ணிருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். அக்கா ஒரு மிடறு குடித்தார். பிறகு ஏணிப் படத்தை எடுத்துத் தரையில் விரித்து, பொடி எழுத்துகளின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"ஒங்க மக இதுல எங்க இருக்கணும்னு நெனைக்கிறீங்கம்மா?"

"நான் நெனச்சு என்னம்மா ஆகப்போகுது" என்றார் அம்மா.

முதல் பன்னிரண்டு கணு. அம்மா அடுப்பைப் பார்த்தார். இரண்டாவது பன்னிரண்டு. அம்மா பேச ஆரம்பித்தார். இடுப்பைப் பற்றி, லயத்தைப் பற்றி, கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனதைப் பற்றி. "ஒத்த ஆளாச்சும் தோட்டத்துல பேரு குடுத்திருக்கணும். இல்லேன்னா சட்டி பானையத் தூக்கி வெளிய வச்சிருவாக. நான் எங்கம்மா போவேன்?" மூன்றாவது பன்னிரண்டு. பிள்ளையைப் படிக்கவையுங்கள் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை தூரம் வாந்தி எடுத்து வந்து இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவரைப் பிடித்து உலுக்கத் தோன்றியது.

அம்மாவின் விரல் படத்துக்கு வந்தது. உச்சியிலிருந்த பெண்ணைத் தொட்டது. ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசிப் படியையும் தாண்டி, ஏணிக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாளில் நின்றது.

"இங்கன."

"அங்க படி இல்லையேம்மா."

"அதத்தாம்மா சொல்றேன். எம்மக ஏறவே வேணாம்."

சொல்லிவிட்டு அம்மா அழுதார். அழுதுகொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல, "கீழ பொட்டிபுரத்துல எங்கக்கா இருக்கா. போடிக் கடைகள்ல ஏலக்காயத் தரம் பாத்துப் பொறுக்குற சோலின்னா ஒக்காந்தே பாக்கலாம்" என்றார். அந்த யோசனை அதற்கு முன் அவருக்கு வந்ததே இல்லையா, வந்தும் வாயில் வரவில்லையா, தெரியாது. மார்கழியில் அம்மா லயத்தைக் காலி செய்துகொண்டு இறங்கினார். நான் பரீட்சை எழுதினேன். இன்று செவிலியர் சட்டை போட்டிருக்கிறேன் என்றால் அது அம்மா அன்று விரல் வைத்த இடம்.

ஜீப்பில் ஏறும்போது அக்காவிடம் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா, படிக்க வைங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா அது என் பதிலாப் போயிரும். நான் நாளைக்கு மதுரையில இருப்பேன் பாப்பா. ஒங்கம்மாதான இங்க இருக்கணும்."

பிறகு ஒரே ஒரு முறை விடுதிக்கு வந்தார். மலைப் பிள்ளைகளின் தாள்கள் எல்லாம் தலைகீழ் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தாராம். கேள்வியை மாற்றினால் போன வருடங்களோடு ஒப்பிட முடியாது, பதில்களைத் திருத்தவும் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். "அவங்க சொல்றதும் சரிதான்" என்றார். எங்களிடம் அவர் எதையும் மறைத்ததில்லை. சுவரில் இருந்த ஈஸ்வரியின் போட்டோவைக் கழற்றித் தரும்படி வார்டனிடம் கேட்டார். அவர் தரவில்லை. அடுத்த வருடம் வேறொருவர் டேப்லெட்டோடு வந்தார். அதே ஏணி, இப்போது கலரில். "சட்டுனு ஒரு நம்பர் சொல்லும்மா" என்றார். எந்தப் பக்கம் மேல் என்று சொன்னால் சொல்கிறேன் என்றேன். அவர் அடுத்தவளைக் கூப்பிட்டார்.

வாழ்க்கைத் திருப்தி வயதோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று இன்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஈஸ்வரிக்குத் தன்னம்பிக்கை இருந்தது, பேச்சுத்திறமை இருந்தது, நல்ல குணம் இருந்தது. அவர்கள் கொடுக்க நினைத்த எல்லாமே அவளிடம் இருந்தது. அவ்வளவும் இருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒரு பன்னிரண்டு கணு. இதைச் சொல்லும்போது எனக்கு அக்கா மேல் கோபம் வருவதில்லை, என் மேல்தான் வருகிறது.

போன ஆனி மாதம் விடுதியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உடல்நிலைச் சான்று கொடுக்க நான் போயிருந்தேன். எடை பார்க்கும் வரிசையில், ஆறாம் வகுப்புச் சேரும் மகளோடு ஈஸ்வரி நின்றாள். கன்னம் ஒட்டி, முன்முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சேலை நுனியை எடுத்துக் கடித்தாள், அதைக் கொண்டுதான் கண்டுபிடித்தேன். சோலி முடிந்து அவளை ஜீப் ஸ்டாண்டுவரை கொண்டுவிடப் போனேன். பேசிக்கொண்டே போகையில் சொன்னாள்.

"அந்தக் கேள்வி அக்கா என்னையத் தேடி வந்தாங்கடி. நான் போன மறு வருசம். நீதான் சொல்லி விட்டியாக்கும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வளைவுகளில் இன்னொரு முறை போயிருக்கிறார்.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணுமே கேக்கலடி" என்றாள் ஈஸ்வரி. "காலைல வந்தாங்க. மூஞ்செல்லாம் வெளுத்துக் கெடந்துச்சு. எம் பக்கத்துல குத்தவச்சு, கூடச் சேந்து காயெடுத்தாங்க. அட்ட கடிச்சு ரத்தம் ஓடுது, பேசாம எடுக்குறாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரு கேள்வி கேக்கல. என் தலையத் தடவிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

கேள்வி கேட்பது ஒன்றைத் தவிர வேறெதையும் தன் வேலை என்று நினைக்காத மனுஷி. ஈஸ்வரியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"கேப்பாங்க, கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டி" என்றாள் அவள். "அவங்க ஒண்ணு கேட்டா, பதிலுக்கு நானும் ஒண்ணு கேக்கலாம்னு மனசுல வச்சிருந்தேன்."

"என்ன வச்சிருந்த?"

கேட்டுவிட்டுக் கட்டைவிரலை முதல் கணுவில் வைத்தேன். ஜீப்காரர் ஹாரன் அடித்தார். அவள் ஜீப்பைப் பார்த்தாள், விடுதி இருக்கும் பக்கம் பார்த்தாள். நான் எட்டாவது கணுவில் இருந்தேன், ஒன்பதில் இருந்தேன்.

"நீங்க வந்த ஜீப்புலயே நானும் வந்துரட்டாக்கான்னு."

மறுபடி ஹாரன் அடித்தது. "எம்மகளப் பாத்துக்க. அவ எதாச்சும் சொன்னா, ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரி ஏறிக்கொண்டாள். மகளைக் கீழே விட்டுவிட்டு அவள் மேலே போனாள்.